பழைய லாரிக்குக் கம்பெனி சாமானா, லோக்கல் சாமானா?

வண்டிக்கு எஃப்.சி. (தகுதிச் சான்று) வரும் மாதம் எங்கள் வீட்டில் கல்யாணச் செலவு மாதிரி. எட்டு வயதைத் தாண்டிய லாரிக்கு வருடாவருடம் எஃப்.சி. எடுத்தாக வேண்டும்; என்னுடைய லேலண்ட் 1613-க்கு வயது 17. பட்டறையில் மெக்கானிக் வண்டியை இரண்டு சுற்றுச் சுற்றி வந்து, கையில் கிடைத்த அட்டையில் ஒரு பட்டியல் எழுதித் தருவார். அதோடு மதுரை வெளி வீதிப் பக்கம் ஸ்பேர் கடைக்குப் போனால், கவுண்டரில் நிற்கும் தம்பி கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "அண்ணே, கம்பெனியா, லோக்கலா?"

2016-ல் இந்த வண்டியைச் செகண்ட்ஸில் வாங்கியதிலிருந்து அந்தக் கேள்விக்கு மாற்றி மாற்றிப் பதில் சொல்லி வருகிறேன். கம்பெனி சாமான்தான் போடுவேன் என்று வீம்பு பிடித்து, தேவையே இல்லாத இடத்தில் காசைக் கொட்டியிருக்கிறேன். மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி மாட்டி, மலைப்பாதையில் சக்கரத்துக்குக் கல் வைத்துக்கொண்டும் உட்கார்ந்திருக்கிறேன். என் மாதிரி ஒற்றை வண்டியை வைத்து ஓட்டுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். பத்து வண்டி வைத்திருப்பவர்களின் கணக்கு வேறு.

கம்பெனி, லோக்கல் என்று இரண்டாகப் பிரிப்பது கடைக்காரருக்கு வசதி. வாங்குகிறவனுக்கு அது போதாது, ஏனென்றால் அலமாரியில் உண்மையில் ஐந்து ரகம் இருக்கிறது. வண்டிக் கம்பெனியின் சொந்தப் பெட்டியில் வருவது முதல் ரகம்: லேலண்டுக்கு லேபார்ட்ஸ், டாடாவுக்கு டாடா ஜெனியூன் பார்ட்ஸ். வண்டிக் கம்பெனிக்கு அந்தச் சாமானைச் செய்து கொடுக்கும் தொழிற்சாலையே தன் பெயர் போட்ட பெட்டியில் கடைக்கு அனுப்புவது இரண்டாவது. வண்டிக் கம்பெனிக்குக் கொடுக்காமல் சந்தைக்கு மட்டும், ஆனால் சொந்தப் பெயரும் முகவரியும் போட்டுச் செய்கிறவர்களுடையது மூன்றாவது. நான்காவதுக்குப் பெயரே கிடையாது. எண்ணெய்த் தாளில் சுற்றியோ பிளாஸ்டிக் உறையில் போட்டோ வரும். ஐந்தாவது, அடுத்தவன் பெயரைப் போட்டுக்கொண்டு வரும் டூப்ளிகேட். கவுண்டரில் "லோக்கல்" என்று சொன்னால் இரண்டிலிருந்து நான்கு வரை எது வேண்டுமானாலும் கைக்கு வரலாம். "கம்பெனி" என்று கேட்டால், கடை சரியில்லாவிட்டால், ஐந்தாவதே வரலாம்.

இதில் இரண்டாவது ரகத்தை நம் ஊர்க்காரர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1911-ல் இதே மதுரையில் தொடங்கிய தொழில், பஸ் ஓட்டுவதில் ஆரம்பித்து, 1960-களில் சென்னை பாடியில் சாமான் செய்யும் தொழிற்சாலைகளாக வளர்ந்தது. பிரேக்குக்குப் பிரேக்ஸ் இந்தியா, செல்ஃப் மோட்டாருக்கும் டைனமோவுக்கும் லூகாஸ் டிவிஎஸ், காற்றழுத்தத்தில் பிடிக்கும் ஏர் பிரேக்கின் வால்வுகளுக்குச் சுந்தரம் கிளேட்டன். லாரிக் கம்பெனிகள் பிரேக், கிளட்ச், பேரிங், பில்டர், மின்சாமான் எல்லாவற்றையும் தாங்களே செய்வதில்லை. பெரும்பாலும் இப்படிப்பட்ட தொழிற்சாலைகளிடம் வாங்கித்தான் பொருத்துகின்றன. எனவே வண்டிக் கம்பெனி பெட்டியில் இருக்கும் செல்ஃப் மோட்டாரும், செய்தவர் பெட்டியில் இருக்கும் செல்ஃப் மோட்டாரும் ஒரே கூரைக்குக் கீழே பிறந்தவையாக இருக்கலாம். விலையில்தான் வித்தியாசம்.

"இருக்கலாம்" என்று இழுத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வண்டிக் கம்பெனிக்குப் போகும் சாமானை அவர்கள் ஒரு முறை சோதித்து எடுக்கிறார்கள். அதே தொழிற்சாலை கடைக்கென்று விலை குறைந்த இன்னொரு ரகத்தையும் செய்யலாம். அதனால் பெயரை மட்டும் பார்த்தால் போதாது. வண்டிக் கம்பெனியின் பார்ட் நம்பருக்கு நேராக இவர்கள் கொடுக்கும் நம்பர் எது என்று கேட்டலாக்கில் காட்டச் சொல்ல வேண்டும். நல்ல கடையில் காட்டுவார்கள்.

பெட்டியில் பெயர் மாறியிருந்தாலே டூப்ளிகேட் என்று பயப்படவும் வேண்டாம். எங்கள் மெக்கானிக் இன்றைக்கும் "கிளேட்டன் வால்வு" என்றுதான் எழுதித் தருகிறார். அந்தப் பிரேக் தொழில் பிறகு வாப்கோவாகி, இப்போது இசட்எஃப் பெயரில் வருகிறது. டீசல் பம்புக்காரர்கள் "மைகோ" என்பது 2008-லேயே பாஷ் ஆகிவிட்டது. முதல் முறை இசட்எஃப் பெட்டியைப் பார்த்தபோது நான் கடைக்காரரிடம் சண்டைக்கே போய்விட்டேன்.

சரி, இவற்றில் எதை எங்கே போடுவது? விலைப்பட்டியலைப் பார்த்து முடிவு செய்கிற பழக்கத்தை விட்டுவிட்டேன். இப்போது மூன்றே விஷயம் பார்க்கிறேன். இந்தச் சாமான் போனால் வண்டி எங்கே, எப்படி நிற்கும்? இதை மறுபடி மாற்ற எவ்வளவு பிரித்துக் கட்ட வேண்டும்? இந்த வண்டியை இன்னும் எத்தனை வருடம் வைத்திருக்கப் போகிறேன்? சாமானின் விலை இதற்கெல்லாம் பிறகுதான்.

முதல் கேள்விக்குப் பிரேக்கைவிட நல்ல உதாரணம் கிடையாது. மாட்டுத்தாவணியில் காய்கறி ஏற்றிக் கோட்டயம் பக்கம் போவது என் வழக்கமான லோடு. ஆண்டிப்பட்டி கணவாய், தேனி, கம்பம் வழியாகக் குமுளி ஏறினால் மலை முடிந்தது என்று புது டிரைவர்கள் நினைப்பார்கள். உண்மையான சோதனை அதற்கு அப்புறம். பீர்மேடு தாண்டி, குட்டிக்கானத்திலிருந்து முண்டக்கயம் வரை முழு லோடோடு இறங்க வேண்டும். வண்டி வாங்கிய இரண்டாம் வருடம், நாலு சக்கரத்துக்கும் பெயரில்லாத லைனிங் (சக்கரத்தோடு சுற்றும் டிரம்மில் உரசி வண்டியை நிறுத்தும் பட்டை) போட்டு அந்த இறக்கத்தில் போனேன். பாதி தூரத்தில் கருகல் வாடை. மிதியில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை, காற்று மீட்டரும் சரியாக இருந்தது. ஆனால் மிதித்தால் வண்டி பிடிக்கவில்லை. ஏர் பிரேக்கில் இதுதான் பயங்கரம், கால் பொய் சொல்லும். முதலிலேயே சின்ன கியரில் இருந்ததால் தப்பித்தேன். ஓரம் கட்டி, கல் வைத்து, டிரம் தானாக ஆறும்வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தோம். கிளீனர் தண்ணீர் ஊற்றப் போனான். கொதிக்கிற டிரம்மில் தண்ணீர் பட்டால் விரிசல் விடும் என்று தடுத்தேன்.

மதுரை வந்து டிரம்மைக் கழற்றினால், லைனிங் கண்ணாடி மாதிரி பளபளத்தது. சூடேறினதும் அதிலிருக்கும் பசை உருகி மேலே படிந்து இறுகிவிட்டது. தேய்மானம் மிகக் குறைவு; சமவெளியில் ஓட்டியிருந்தால் "என்னமா உழைக்குது" என்று நானே பாராட்டியிருப்பேன்.

அன்றைக்குத்தான் லைனிங்கின் ஓரத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டேன். நல்ல கம்பெனி லைனிங்கின் விளிம்பில் பேட்ச் நம்பரோடு இரண்டு ஆங்கில எழுத்து அச்சாகியிருக்கும். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் எவ்வளவு பிடிக்கும் என்பது. இரண்டாவது, நன்றாகச் சூடேறிய பிறகு எவ்வளவு என்பது. இ என்றால் உராய்வு அளவு 0.25-லிருந்து 0.35 வரை, எஃப் என்றால் 0.35-லிருந்து 0.45 வரை, ஜி என்றால் 0.45-லிருந்து 0.55 வரை. எஃப் எஃப் என்று இருந்தால் சூட்டிலும் பிடிப்பு அதே வரம்புக்குள் நிற்கிறது. எஃப் இ என்றால் சூடேறியதும் இறங்குகிறது. இந்த எழுத்தே முழு ஜாதகம் இல்லை, எவ்வளவு நாள் உழைக்கும் என்பதை அது சொல்லாது. ஆனால் எழுத்தே இல்லாத லைனிங்கை மலையேறும் வண்டிக்குப் போட மாட்டேன். வண்டிக் கம்பெனி பெட்டி, இல்லையென்றால் ரானே, சுந்தரம் மாதிரி லைனிங்கையே தொழிலாகச் செய்கிறவர்களின் பெட்டி. லைனிங்குக்கு இந்த இரண்டு ரகத்துக்குக் கீழே நான் இறங்குவதில்லை.

லைனிங் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் டிரம் சரியில்லாவிட்டால் வீண். பழைய வண்டியில் டிரம்மை லேத்தில் எத்தனை முறை கடைந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. அதிகபட்ச விட்டம் டிரம்மிலேயே வார்த்திருக்கும், அளந்து பாருங்கள். கடைந்து அகன்ற டிரம்மில் சாதா அளவு லைனிங் நடுவில் மட்டும்தான் உட்காரும், ஓவர்சைஸ் கேட்டு வாங்க வேண்டும். ஒரே ஆக்சிலில் வலது பக்கம் ஒரு கம்பெனி, இடது பக்கம் இன்னொன்று என்று போட்டால் வண்டி இழுக்கும். லைனிங் தூசியை ஏர் அடித்து ஊதவும் வேண்டாம். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், நுரையீரலுக்குப் போனால் திரும்பி வராது.

இந்த இடத்தில் கம்பெனி சாமான் பக்தர்களுக்கு ஒரு செய்தி. பிரேக் சேம்பர் டயாபிரம் (காற்று தள்ளிப் பிரேக்கைப் பிடிக்க வைக்கும் சவ்வு), ஏர் ஹோஸ், ஆயில் சீல், ஃபேன் பெல்ட் எல்லாம் ரப்பர். ரப்பர் பெட்டிக்குள் சும்மா இருந்தாலும் கிழடாகும். அதிகம் விற்காத பழைய மாடலுக்கான கம்பெனி டயாபிரம் கடை மேல்தட்டில் நாலைந்து வருடம் தூங்கியிருக்கலாம். பக்கத்திலேயே போன மாதம் செய்த மூன்றாவது ரகம் இருக்கும். அப்போது நான் மூன்றாவதைத்தான் எடுப்பேன். ரப்பர் வாங்கும்போது பெட்டியில் இருக்கும் மாதம், வருடத்தைப் பார்ப்பது பெயரைப் பார்ப்பதைவிட முக்கியம்.

இரண்டாவது கேள்வி, பிரித்துக் கட்டும் கூலி. பட்டறைகளில் அதிகம் விவாதம் நடக்கும் கிளட்ச் செட்டை எடுத்துக்கொள்வோம். கீழே உள்ள ரூபாயும் கிலோமீட்டரும் கணக்குப் புரிவதற்காக நான் வைத்தவை. உங்கள் கடை பில்லையும் உங்கள் லைனையும் போட்டுப் பாருங்கள். வண்டிக் கம்பெனி பெட்டியில் செட் 18,000 ரூபாய், செய்தவர் பெட்டியில் 14,500, பெயரில்லாதது 8,000 என்று வையுங்கள். கியர்பாக்ஸை இறக்கி ஏற்றக் கூலி 5,000. வண்டி இரண்டு நாள் நிற்கும். ஒரு நாளைக்கு மிச்சப்படுவது 6,000 என்றால் அதில் 12,000 போச்சு. இந்த 17,000 ரூபாய் எந்தச் செட்டைப் போட்டாலும் ஒன்றுதான்.

நல்ல செட் 1,20,000 கிலோமீட்டர் ஓடுகிறது, பெயரில்லாதது 40,000-ல் கைவிடுகிறது என்றால், கம்பெனி பெட்டிக்குக் கிலோமீட்டருக்கு 29 பைசா, செய்தவர் பெட்டிக்கு 26 பைசா, பெயரில்லாததுக்கு 62 பைசா. சரி, பெயரில்லாதது அதிர்ஷ்டவசமாக 80,000 ஓடிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் 31 பைசா. பாதி விலைக்கும் குறைவாக வாங்கிய சாமான், இரண்டு மடங்கு நன்றாக உழைத்தும், கம்பெனி சாமானிடம் தோற்கிறது. கடையில் மிச்சம் பிடிக்கிற 10,000 ரூபாய், கியர்பாக்ஸ் அடுத்த முறை இறங்கும்போது வட்டியோடு போய்விடும். என்னுடைய கிளட்ச் எப்போதும் இரண்டாவது ரகம்தான். கம்பெனி பெட்டிக்குக் கூடுதலாகக் கொடுக்க அங்கே காரணம் தென்படவில்லை.

கியர்பாக்ஸ் இறங்கும்போது ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், கிராங்கின் பின்பக்க ஆயில் சீல் மூன்றையும் சேர்த்து மாற்றிவிட வேண்டும். ரிலீஸ் பேரிங் பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது என்று பழையதையே விட்டு, ஆறு மாதத்தில் உசிலம்பட்டிக்கு இந்தப் பக்கம் நடுச்சாலையில் கியர் விழாமல் நின்றேன். சீல் வாங்கும்போது அது என்ன ரப்பர் என்று கேளுங்கள். சாதா நைட்ரைல் நூற்றுச் சொச்சம் டிகிரிச் சூட்டிலேயே தளரும். விட்டான் வகை 200 டிகிரி வரை தாங்கும். விலை வித்தியாசம் சில நூறு ரூபாய், அதை மாற்றும் கூலி மறுபடியும் ஒரு முழுக் கியர்பாக்ஸ்.

எஞ்சினிலும் இதே கணக்குதான், தொகை மட்டும் பெரிது. லைனர், பிஸ்டன், ரிங்கு, மெயின் பேரிங் போட்டுக் கட்டும் வேலையில் பெயரில்லாத சாமான் வாங்குகிறவரை நான் தடுக்கவே மாட்டேன், கையெடுத்துக் கும்பிட்டு விலகிவிடுவேன். சென்னை செம்பியத்தின் இந்தியா பிஸ்டன்ஸ், கோவையின் பைமெட்டல் பேரிங்ஸ் மாதிரி தொழிற்சாலைகள் நம் மாநிலத்திலேயே இருக்கும்போது, எஞ்சின் உள்சாமானுக்கு வண்டிக் கம்பெனி பெட்டிதான் வேண்டும் என்று அடம்பிடிக்கத் தேவையில்லை. ஒரே ஒரு விலக்கு, ஹெட் கேஸ்கெட். அதைக் கம்பெனி பெட்டியிலேயே வாங்குகிறேன். காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது, பயம்தான்.

டீசல் பம்பு விஷயத்தில் பழைய வண்டிக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். என் வண்டியில் இருப்பது பழைய இன்லைன் பம்பு. நாசில் திறக்கும் அழுத்தம் 200, 250 பார் அளவில்; நல்ல பம்பு ரூமில் எலிமெண்ட் (பிளஞ்சரும் பேரலும் சேர்ந்த ஜோடி), நாசில், டெலிவரி வால்வு போட்டுப் புதுசு மாதிரி ஆக்கித் தந்துவிடுவார்கள். உள்ளே போகும் எலிமெண்ட் மட்டும் நல்ல பெயருள்ளதாக இருக்க வேண்டும், ஏனென்றால் பிளஞ்சருக்கும் பேரலுக்கும் இடையே இடைவெளி சில மைக்ரான்தான். தலைமுடியின் தடிமன் அதைப்போல் பல மடங்கு. காமன் ரெயில் (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் டீசல் தெளிக்கும் புது முறை) வந்த வண்டி என்றால் அழுத்தம் 1,600 பார் அளவுக்குப் போகிறது. அங்கே லோக்கல் இன்ஜெக்டர் என்ற பேச்சே வேண்டாம். உங்கள் "பழைய லாரி" எந்தத் தலைமுறை என்பதைப் பொறுத்து என் ஆலோசனையே மாறிவிடுகிறது, பாருங்கள்.

எண்ணெய் பில்டர், டீசல் பில்டருக்கு யோசிக்கவே வேண்டாம், கம்பெனி பெட்டி அல்லது பெயர் பெற்ற பில்டர் கம்பெனி. மட்டமான பில்டரில் தாள் மடிப்புகள் குறைவாக இருக்கும், பைபாஸ் வால்வின் ஸ்பிரிங் நோஞ்சானாக இருக்கும்; அது சும்மாவே திறந்துகொண்டு வடிகட்டாத எண்ணெயை எஞ்சினுக்கு ஊட்டும். வெளியிலிருந்து ஒன்றும் தெரியாது.

நான்காவது ரகத்துக்கும் எனக்கும் சமாதானமான இடங்கள் உண்டு. சைடு கண்ணாடி, டெயில் லேம்ப், கதவுக் கைப்பிடி, மட்கார்டு, ஹாரன் பட்டன், சீட் கவர். இவை போனால் வண்டி நிற்காது, மாற்ற மெக்கானிக்கே வேண்டாம். மதுரை நெரிசலில் சைடு கண்ணாடி எத்தனை மாதம் உயிரோடிருக்கும் என்பது தெரிந்தே அதற்குக் கம்பெனி பெட்டி கேட்பது பணத்திமிர்.

லோடைத் தாங்கும் ஸ்பிரிங்கான கமான் பட்டை தனிக் கதை. இதில் கம்பெனி, லோக்கல் என்பதைவிடப் பட்டறையின் கைதான் தீர்மானிக்கிறது. நல்ல பட்டை சிலிக்கான்-மாங்கனீஸ் அல்லது குரோம் கலந்த ஸ்பிரிங் எஃகு. வளைத்து, சூடேற்றி, எண்ணெயில் தோய்த்து, மறுபடி அளவாகச் சூடுகாட்டிப் பதம் ஏற்றியிருப்பார்கள். மேல்பரப்பில் சின்னச் சின்ன எஃகு மணிகளை அடித்து இறுக்குவதும் உண்டு, விரிசல் சீக்கிரம் பிடிக்காமலிருக்க. சாலையோரக் கமான் பட்டறையில், வளைவு போய் உட்கார்ந்துவிட்ட பட்டையைச் சூடுகாட்டி வளைவு ஏற்றித் தருவார்கள். வண்டி நிமிர்ந்து நிற்கும், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்தச் சூட்டில் கம்பெனி ஏற்றிய பதம் போய்விட்டது. லோடு ஏறினால் ஒன்று மறுபடி உட்காரும், இல்லை ஒடியும். சூடு காட்டாமல் அடித்து வளைவு ஏற்றுகிற கை இன்னும் சில பட்டறைகளில் இருக்கிறது, கிடைத்தால் விடாதீர்கள். மெயின் பட்டையும் இரண்டாவது பட்டையும் பெயருள்ள கம்பெனியில் புதிதாகவும், கீழ்ப் பட்டைகளை லோக்கலிலும் போடுவது என் வழக்கம். பட்டைகளை ஆக்சிலோடு கட்டும் யு போல்ட்டை மட்டும் லோக்கலில் வாங்காதீர்கள். நட்டையும் சேர்த்துப் புதிதாகப் போட்டு, ஒரு லோடு ஓடி வந்ததும் மறுபடி முறுக்குங்கள். சாதா போல்ட்டுகளில் தலையைப் பாருங்கள், 8.8, 10.9 என்ற எண் இருக்கும். எண் இல்லாத மொட்டைத் தலை போல்ட்டுக்கு என் வண்டியில் இடம் பாடிக்கட்டில் மட்டும்தான்.

பிரித்த வண்டி சாமானைச் சொல்லாமல் பழைய லாரிக் கட்டுரை முடியாது. கியர்பாக்ஸ் கூடு, ஆக்சில் கூடு, கேபின் கதவு, டேங்க், பம்பர் மாதிரி தேயாத இரும்புக்குப் பழைய சாமான் கடையே சிறந்த இடம். சில சமயம் அதுதான் ஒரே இடம். கம்பெனி நிறுத்திவிட்ட சாமான்கள் உண்டு. பதினேழு வருடத்துக்கு முந்தைய இரும்பு கனமாக இருந்தது என்பது எங்கள் மெக்கானிக்கின் நம்பிக்கை, நான் தலையாட்டி வைக்கிறேன். பின் ஆக்சிலுக்குள் இருக்கும் பல்சக்கரங்களான கிரவுன் பினியன் வாங்கினால் ஜோடியாகத்தான் வாங்க வேண்டும். இரண்டிலும் ஒரே எண் பொறித்திருக்கும். எண் ஒத்துவராவிட்டால் அது ஜோடியில்லை, ஊளையிடும். ஸ்டியரிங் பாக்ஸ், டை ராட், கிங்பின், ஹப் பேரிங், பிரேக் வால்வு இவற்றைப் பிரித்த வண்டியிலிருந்து எடுத்துப் போடுகிறவரோடு நான் அந்த வண்டியில் ஏற மாட்டேன்.

செகண்ட்ஸில் வாங்கிய வண்டிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. சேசிஸ் நம்பரைச் சொன்னால் கம்ப்யூட்டர் சரியான பார்ட் நம்பரைக் காட்டும், உண்மைதான். ஆனால் எனக்கு முன்னாடி வைத்திருந்தவர் வேறு மாடல் கியர்பாக்ஸை ஏற்றியிருந்தார். சேசிஸ் நம்பருக்குச் சரியான ஒரிஜினல் கிளட்ச் பிளேட்டைக் காசு கொடுத்து வாங்கி, அதன் நடுப்பல் ஷாஃப்டில் சேராமல் திருப்பிக் கொண்டுபோனேன். பழைய சாமானைக் கழற்றிச் சாக்கில் சுற்றிக் கவுண்டரில் வைப்பது அசிங்கமே இல்லை.

டூப்ளிகேட்டுக்கு வருகிறேன். அதிகம் போலியாவது வேகமாக விற்பவைதான்: பேரிங், பில்டர், கிளட்ச் பிளேட், லைனிங். பேரிங் கம்பெனிகளில் எஸ்கேஎஃப், சந்தேகப்பட்ட பேரிங்கைப் படம் எடுத்து அனுப்பிச் சரிபார்க்க ஒரு செயலியே வைத்திருக்கிறது. ஹோலோகிராம், க்யூஆர் கோடு எல்லாம் பாருங்கள், ஆனால் அவற்றையும் அச்சடிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். எனக்கு உதவியவை எளிய விஷயங்கள்தான். பெட்டியில் இருக்கும் நம்பரும் சாமானில் பொறித்த நம்பரும் ஒன்றா? எம்ஆர்பி சீட்டில் செய்தவர் முகவரி, மாதம், வருடம் இருக்கிறதா? கம்பெனி சாமானை எம்ஆர்பியில் பாதிக்குத் தருகிறேன் என்றால், அவருக்கு மட்டும் எங்கிருந்து வருகிறது? காலிப் பெட்டிக்கும் சந்தை உண்டு என்பதைப் பட்டறைக்காரர்கள் அறிவார்கள். புதுச் சாமானை மாட்டியதும் பெட்டியைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் அது வேறு சாமானைச் சுமந்துகொண்டு கடைக்குத் திரும்பும்.

பில் வாங்குங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் வண்டி உதிரிச் சாமான் எல்லாவற்றுக்கும் ஜி.எஸ்.டி. ஒரே சீராக 18 சதவீதம். பலவற்றுக்கு அதற்கு முன் 28 இருந்தது. ஆகவே "பில் வேணாம்னா குறைச்சுத் தாரேண்ணே" என்பதில் இப்போது முன்பிருந்த அளவு லாபமும் இல்லை. பில் இருந்தால்தான் வாரண்டி. அதுவும் சாமானுக்கு மட்டும்தான், இறக்கி ஏற்றிய கூலியைப் பெரும்பாலும் யாரும் தருவதில்லை. இன்சூரன்ஸை நம்பிக் கம்பெனி சாமான் போடுகிறேன் என்பவர்கள் பாலிசியைப் படிக்கலாம்: பத்து வயது தாண்டிய வண்டியின் இரும்புச் சாமானுக்குத் தேய்மானம் என்று பாதியைக் கழித்துவிடுவார்கள், ரப்பர், பிளாஸ்டிக்குக்கு எந்த வயதிலும் பாதிதான்.

மூன்றாவது கேள்விதான் நமக்குப் பிடிக்காதது. வண்டியை எவ்வளவு நாள் வைத்திருப்பேன்? அடுத்த வருடம் கொடுத்துவிடப் போகிற வண்டிக்கு மூன்று வருடம் உழைக்கிற கிளட்ச் போட்டால், மீதி இரண்டு வருட உழைப்பும் வாங்குகிறவருக்கு இனாம். அதற்காக விலையில் ஒரு பைசா ஏற்றித் தர மாட்டார். அப்படிப்பட்ட வண்டிக்கு மூன்றாவது ரகத்தில் நல்லதாகப் பார்த்துப் போடுவதில் தப்பில்லை. பிரேக், ஸ்டியரிங்குக்கு இந்தச் சலுகை கிடையாது. வாங்குகிறவரும் குட்டிக்கானம் இறங்குவார்.

நான் இன்னும் நாலு வருடம் ஓட்டுவதாக இருக்கிறேன். எனவே இந்த எஃப்.சி.க்கு வாங்கியது இப்படி ஆனது: நாலு சக்கரத்துக்கும் லைனிங், செய்தவர் பெட்டியில், பேட்ச் நம்பர் ஒன்றாகப் பார்த்து. பின் பிரேக் டயாபிரம் மூன்றாவது ரகம், போன மாதம் செய்தது. கம்பெனி பெட்டியில் இருந்தது மூன்று வருடப் பழசு. கிங்பின் செட் கம்பெனி பெட்டி, லேத்தில் புஷ்ஷை அளவுக்கு ரீமர் போட்டு. பில்டர்கள் கம்பெனி. இடது கதவு பிரித்த வண்டியிலிருந்து, பச்சை நிறம், பெயின்ட் அடிக்க வேண்டும். டெயில் லேம்ப் இரண்டும் பெயரில்லாதவை. அதில் ஒன்று எஃப்.சி. முடிந்து வீடு வருவதற்குள் தண்ணீர் கோத்துக்கொண்டது. வைப்பர் மோட்டாருக்குக் கம்பெனி பெட்டியா லோக்கலா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. ஐப்பசி மழை நேற்றே வந்துவிட்டது, கிளீனர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டித் துடைத்துக்கொண்டு வருகிறான்.